பழைய மேசைக் கணினிக்குப் புதிய செயலி: பொருத்தம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய மேசைக் கணினியை அப்படியே வைத்துக்கொண்டு செயலியை மட்டும் மாற்ற நினைப்பவர்களிடமிருந்து வரும் கேள்விகளுக்கான விடைகள் இவை. செயலி என்று இங்கே குறிப்பிடுவது புராசஸரைத்தான். கைபேசியில் நிறுவும் ஆப்பை அல்ல.

சாக்கெட் ஒன்றாக இருந்தால் எந்தச் செயலியையும் போடலாமா?

போட முடியாது. மிகுதியானவர்கள் பணத்தை இழப்பது இந்த ஒரு நம்பிக்கையால்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சாக்கெட் என்பது செயலி உட்காரும் இருக்கை மட்டுமே. உட்கார்ந்த பிறகு அதற்குத் தேவையான மின்சாரத்தை மதர்போர்டு தர வேண்டும். போர்டின் பாகங்களைச் செயலியோடு இணைக்கும் சில்லான சிப்செட் அதனுடன் பேச வேண்டும். போர்டில் இருந்து கணினியை எழுப்பும் பயாஸ் நிரலுக்கு அந்தச் செயலி இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் திரை கறுப்பாகவே இருக்கும்.

இன்டெல்லின் எல்ஜிஏ 1151 சாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். எல்ஜிஏ பெயர்களில் உள்ள எண் முனைகளின் எண்ணிக்கை. இன்டெல்லின் ஆறாம் தலைமுறைச் செயலிகள் 2015இல் இந்தச் சாக்கெட்டுடன் வந்தன. ஏழாம் தலைமுறை 2017 ஜனவரியில் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த எட்டாம் தலைமுறையும் இதே சாக்கெட்டையே பயன்படுத்தியது. ஆனால் முன்பு சும்மா விடப்பட்டிருந்த சில முனைகளை, கூடுதல் கோர்களுக்கு (செயலிக்குள் இருக்கும் தனித்தனிக் கணிப்பு அலகுகளுக்கு) மின்சாரம் தருவதற்காக இன்டெல் எடுத்துக்கொண்டது. எட்டாம், ஒன்பதாம் தலைமுறைகளுக்கு 300 வரிசை சிப்செட் கட்டாயம் என்றும் அறிவித்தது. ஆகவே 100 அல்லது 200 வரிசை சிப்செட் உள்ள போர்டில் எட்டாம் தலைமுறைச் செயலியை வைத்தால், அது ஒழுங்காக உட்காரும், மேல் தகடும் மூடும், கணினி மட்டும் எழாது. உட்கார்ந்துவிட்டது என்பதே சான்று என்று எண்ணுபவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

எல்ஜிஏ 775இலும் இதுவே கதை. 2004இல் வந்த அந்தச் சாக்கெட் பென்டியம் 4 முதல் கோர் 2 குவாட் வரை பல ஆண்டுகள் நீடித்தது. 915 சிப்செட் போர்டில் பென்டியம் 4 ஓடும். கோர் 2 டியோ அதே சாக்கெட்டில் உட்கார்ந்தாலும் ஓடாது.

அப்படியானால் எதை நம்பி வாங்குவது?

மதர்போர்டைத் தயாரித்த நிறுவனம் அந்தப் போர்டுக்கென வெளியிட்டிருக்கும் செயலி ஆதரவுப் பட்டியலை நம்ப வேண்டும். விற்பவர் சொல்வதும், இதே போர்டில் எனக்கு ஓடியது என்று யாரோ எழுதியிருப்பதும் அதற்கு அடுத்த இடத்தில்தான் நிற்கும்.

அந்தப் பட்டியலில் செயலியின் முழுப் பெயர், அதன் ஸ்டெப்பிங் (அதே செயலியின் திருத்தப் பதிப்புக் குறி), வாட் அளவு ஆகியவற்றோடு, எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து ஆதரவு தொடங்குகிறது என்பதும் ஒரு பத்தியில் கொடுக்கப்பட்டிருக்கும். இந்தக் கடைசிப் பத்தியைப் படிக்காமல் விடுகிறவர்கள் அதிகம். உங்கள் செயலியின் பெயர் பட்டியலில் இருப்பது பாதி விடை. அதற்கு நேரே உள்ள பயாஸ் எண்ணே மீதிப் பாதி.

என் மதர்போர்டின் சரியான பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது?

கணினி ஓடும் நிலையில் இருந்தால் சிபியு-இசட் என்னும் இலவச மென்பொருளைத் திறந்து மெயின்போர்டு பகுதியைப் பாருங்கள். தயாரிப்பாளர், மாடல், சிப்செட், பயாஸ் பதிப்பு, அதன் தேதி ஆகிய அனைத்தும் ஒரே இடத்தில் கிடைக்கும். லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் டிஎம்ஐடீகோட் கட்டளையால் இதே விவரங்களைப் பெறலாம்.

ஆயினும் ஒரு முறை பெட்டியைத் திறந்து கண்ணால் பார்த்துவிடுவதையே நான் விரும்புவேன். போர்டின் பெயர் பெரும்பாலும் ரேம் செருகிகளுக்கும் கிராஃபிக்ஸ் அட்டை செருகும் இடத்துக்கும் நடுவே வெள்ளை எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு மூலையில், அதைவிடச் சிறிய எழுத்தில் திருத்தப் பதிப்பு எண் இருக்கும்: ரெவ் 1.0, ரெவ் 2.1 என்பதுபோல. ஒரே பெயரில் வந்த இரண்டு திருத்தங்களுக்கு இரண்டு வெவ்வேறு ஆதரவுப் பட்டியல்களும் இரண்டு வெவ்வேறு பயாஸ் கோப்புகளும் இருக்கக்கூடும். தூசி படிந்திருந்தால் மென்மையான தூரிகையால் துடைத்துவிட்டு, கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். குனிந்து தேடுவதைவிட அது எளிது.

பயாஸைப் புதிய செயலியைப் போடுவதற்கு முன் புதுப்பிக்க வேண்டுமா, பின்னரா?

முன்பே. பழைய செயலி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைச் செய்து முடிக்க வேண்டும். புதிய செயலியைப் பழைய பயாஸுக்குத் தெரியாதென்றால், புதுப்பிக்கும் திரைக்குள் நுழையவே வழியிருக்காது.

இதை நான் கற்றது எச்61 சிப்செட் கொண்ட ஒரு போர்டில். அதில் இருந்தது கோர் ஐ3-2100, இரண்டாம் தலைமுறை. அதை எடுத்துவிட்டு மூன்றாம் தலைமுறைக் கோர் ஐ5-3470ஐ வைத்தேன். இரண்டுமே எல்ஜிஏ 1155. போர்டின் பட்டியலிலும் பெயர் இருந்தது. மின்விசிறி சில விநாடிகள் சுழன்றது, நின்றது, மீண்டும் சுழன்றது. திரையில் ஒன்றும் வரவில்லை. செயலி கெட்டது என்று முடிவுகட்டி அன்று மாலை முழுவதையும் வீணாக்கினேன். மறுநாள் பழைய ஐ3ஐத் திரும்பப் பொருத்திப் பயாஸ் தேதியைப் பார்த்தபோது அது 2011ஆம் ஆண்டைக் காட்டியது. மூன்றாம் தலைமுறைச் செயலிகள் வெளிவந்ததே 2012 ஏப்ரலில்தான். புதுப்பித்தபின் ஐ5 முதல் முயற்சியிலேயே எழுந்தது.

பயாஸ் கோப்பை அந்தப் போர்டின் அதே திருத்தத்துக்கு உரிய பக்கத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். எஃப்ஏடி32 முறையில் வடிவமைத்த பென் டிரைவில் அதை வைத்து, பயாஸுக்குள்ளேயே இருக்கும் புதுப்பிப்புக் கருவியின் வழியாகச் செய்வது விண்டோஸுக்குள்ளிருந்து செய்வதைவிடப் பாதுகாப்பானது. நடுவில் மின்சாரம் போனால் போர்டே எழாமல் போகலாம் என்பதால் யுபிஎஸ் இருந்தால் அதில் இணைத்துக்கொள்ளுங்கள். சில போர்டுகளில் மிகப் பழைய பதிப்பிலிருந்து கடைசிப் பதிப்புக்கு நேரடியாகத் தாவ முடியாது. இடையில் ஒரு பதிப்பை நிறுவச் சொல்லியிருப்பார்கள். அந்தக் குறிப்புகளை அலுப்புப் பார்க்காமல் படிக்க வேண்டும். செயலியே இல்லாமல் பயாஸை எழுதும் வசதி சில புதிய போர்டுகளில் உண்டு. பழையவற்றில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

இன்டெல் போர்டுகளில் எந்தத் தலைமுறை வரை போகலாம்?

எல்ஜிஏ 1155 சாக்கெட்டில் இரண்டாம், மூன்றாம் தலைமுறைகள் ஓடும். 6 வரிசை சிப்செட்டுகளில் எச்61, பி67 (P67), எச்67, இசட்68 ஆகியவை பயாஸ் புதுப்பித்தபின் மூன்றாம் தலைமுறையை ஏற்கும். அலுவலகக் கணினிகளில் வந்த கியூ65, கியூ67, பி65 (B65) ஆகியவற்றுக்கு அந்த அதிகாரபூர்வ ஆதரவு கிடையாது. இதற்கு முந்தைய எல்ஜிஏ 1156 பெயரளவில் ஒரு முனைதான் வேறுபடுகிறது என்றாலும் முற்றிலும் வேறு சாக்கெட்; ஒன்றின் செயலியை மற்றொன்றில் வைக்க முடியாதபடி வெட்டுக்குறிகளே இடம் மாறியிருக்கும்.

எல்ஜிஏ 1150இல் நான்காம் தலைமுறை ஓடும். 2014இல் வந்த அதன் மறுபதிப்புகளுக்கு, எடுத்துக்காட்டாகக் கோர் ஐ7-4790க்கு, 8 வரிசை போர்டுகளில் பயாஸ் புதுப்பிப்பு தேவைப்படும். ஐந்தாம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் மிகச் சிலவே வந்தன. அவற்றுக்கு 9 வரிசை சிப்செட் வேண்டும்.

எல்ஜிஏ 1151 பற்றி முன்பே சொல்லிவிட்டேன். 2020இல் வந்த எல்ஜிஏ 1200 பத்தாம், பதினோராம் தலைமுறைகளுக்கு உரியது. அதிலும் எச்410, பி460 சிப்செட்டுகளுக்குப் பதினோராம் தலைமுறையின் அதிகாரபூர்வ ஆதரவு இல்லை. எல்ஜிஏ 1700இல் பன்னிரண்டு முதல் பதினான்கு வரையிலான தலைமுறைகள் ஓடும்.

ஏஎம்டி போர்டு வைத்திருப்பவர்களுக்கு?

இங்கே நிலைமை பொதுவாக நல்லது. 2016இல் அறிமுகமான ஏஎம்4 சாக்கெட்டைப் போல நீண்ட காலம் உழைத்த சாக்கெட் மிகக் குறைவு. 2017இல் ஏஎம்டியின் ரைசன் வரிசைச் செயலிகளில் முதல் தலைமுறையுடன் வாங்கிய பி350 போர்டில்கூட, தயாரிப்பாளர் உரிய பயாஸை வெளியிட்டிருந்தால், ரைசன் 5 5600 ஓடும். இது எளிதாகக் கிடைத்ததல்ல. 5000 வரிசைக்கு 500 வரிசை சிப்செட் வேண்டும் என்று 2020இல் முதலில் ஏஎம்டி அறிவித்தது. பயனர்களின் எதிர்ப்புக்குப் பின் 400 வரிசைக்கும், 2022இல் 300 வரிசைக்கும் ஆதரவு விரிந்தது.

ஆனால் இங்கும் இரண்டு கண்ணிகள் உண்டு. பழைய போர்டுகள் பலவற்றில் பயாஸ் சிப்பின் கொள்ளளவு 16 எம்பிதான். புதிய செயலிகளுக்கு இடம் தருவதற்காகச் சில பயாஸ் பதிப்புகள் மிகப் பழைய செயலிகளின் ஆதரவை நீக்கிவிட்டன. அப்படிப்பட்ட பதிப்பைப் பழைய செயலி இருக்கும்போதே எழுதிவிட்டால், அடுத்த முறை கணினி எழுவதற்குப் புதிய செயலி கையில் இருந்தாக வேண்டும். இன்னொன்று, எண்ணைப் பார்த்துத் தலைமுறையை முடிவு செய்வது. ரைசன் 5 3400ஜி பெயரில் 3000 வரிசையைச் சேர்ந்ததுபோலத் தோன்றினாலும் அதன் உள்ளமைப்பு முந்தைய தலைமுறையுடையது. ரைசன் 5 3600ஐ ஏற்கும் பி550 சிப்செட்டில் 3400ஜிக்கு அதிகாரபூர்வ ஆதரவு இல்லை.

இன்னும் பழைய போர்டுகளில், ஏஎம்3 செயலிகளுக்குள் டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் உரிய கட்டுப்பாட்டகம் இருந்ததால் அவை ஏஎம்2+ போர்டிலும் ஓடும். ஏஎம்2+ செயலி ஏஎம்3 போர்டில் ஓடாது, நுழையவும் நுழையாது.

வாட் அளவைப் பார்க்க வேண்டுமா? எஸ்எம்பிஎஸ் தாங்கினால் போதாதா?

எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) தாங்குவது வேறு, மதர்போர்டு தாங்குவது வேறு. எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட்டை, செயலிக்கு வேண்டிய ஏறக்குறைய 1 வோல்ட்டாக இறக்கித் தருவது சாக்கெட்டைச் சுற்றி இருக்கும் விஆர்எம் சுற்று. விலை குறைந்த போர்டுகளில் அது சிறியதாகவும், மேலே வெப்பத் தகடு இல்லாமலும் இருக்கும். எஃப்எக்ஸ்-8350 செயலி 125 வாட் உடையது; ஏஎம்3+ சாக்கெட் கொண்ட எளிய போர்டுகள் பலவற்றின் எல்லை 95 வாட். அந்தப் போர்டில் இந்தச் செயலி எழுந்தாலும், சுமை ஏறியதும் வேகம் தானாகக் குறையும். நாளடைவில் விஆர்எம் பழுதாகலாம்.

ஆகவே ஆதரவுப் பட்டியலில் உள்ள வாட் எல்லையை மீறாதீர்கள். சாக்கெட்டுக்கு அருகில் உள்ள 12 வோல்ட் இணைப்பு 4 முனையா 8 முனையா என்பதையும், எஸ்எம்பிஎஸ்ஸில் அதற்குரிய வயர் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய நிறுவனத்தின் முழுக் கணினியாக வாங்கியதில் செயலியை மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் தேர்வு குறுகியது. அந்தக் கணினிகளின் பயாஸில், விற்ற காலத்தில் அவர்கள் பொருத்திக் கொடுத்த செயலிகளுக்கு மட்டுமே ஆதரவு இருப்பது வழக்கம். ஒல்லியான சிறிய பெட்டிகளில் வெப்பம் வெளியேற இடமில்லாததால் 65 வாட்டுக்கு மேல் ஏற்காதவையும் உண்டு. சிப்செட் தாங்கும் என்பதை வைத்து முடிவு செய்யாமல், அதே மாடல் எந்தெந்தச் செயலிகளோடு விற்கப்பட்டது என்பதை அதன் தொழில்நுட்பக் கையேட்டில் தேடுங்கள். அந்தப் பட்டியலில் உள்ள உயர்ந்த செயலியே உங்கள் எல்லை.

பழைய ஹீட் சிங்கும் விசிறியும் புதிய செயலிக்குப் போதுமா?

ஹீட் சிங் என்பது செயலியின் சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகத் துண்டு. அதை மாட்டுவது பெரும்பாலும் சிக்கலாகாது. எல்ஜிஏ 1156 முதல் 1200 வரை துளைகளின் இடைவெளி 75 மில்லிமீட்டர்தான். எல்ஜிஏ 775இல் அது 72, எல்ஜிஏ 1700இல் 78. ஏஎம்4இல் துளைகளின் அமைப்பு ஏஎம்3இலிருந்து மாறியது. சிந்திக்க வேண்டியது வெப்பத்தைப் பற்றி: 65 வாட் செயலியோடு வந்த மெல்லிய அலுமினிய ஹீட் சிங்கை 95 வாட் செயலியின் மேல் வைத்தால் விசிறி ஓயாமல் இரையும், வேகமும் குறையும்.

ரேமையும் மாற்ற வேண்டுமா?

அதே போர்டு என்றால் அதே ரேம் போதும். போர்டையும் சேர்த்து மாற்றினால்தான் டிடிஆர்3, டிடிஆர்4 வேறுபாடு வரும். ஒன்றின் செருகியில் மற்றொன்று நுழையாது.

பழைய செயலியில் திரை ஓடியது. புதியதில் கிராஃபிக்ஸ் அட்டை தேவைப்படுமா?

தேவைப்படலாம். மதர்போர்டில் உள்ள விஜிஏ, எச்டிஎம்ஐ துளைகள் செயலிக்குள் இருக்கும் கிராஃபிக்ஸை நம்பியே இயங்குகின்றன. இன்டெல் செயலியின் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிந்தால் அதில் கிராஃபிக்ஸ் கிடையாது. ஏஎம்4 ரைசன்களில் ஜி என்ற எழுத்து இல்லாதவற்றில் கிராஃபிக்ஸ் இல்லை என்று கொள்ளலாம். தனி அட்டை இல்லாத கணினியில் ரைசன் 5 5600ஐப் பொருத்திவிட்டுத் திரை வரவில்லை என்று செயலியைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. செயலியில் ஒரு குறையும் இருந்திருக்காது.

கே என்ற எழுத்துள்ள இன்டெல் செயலிக்குக் கூடுதலாகப் பணம் கொடுக்கலாமா?

கே என்ற எழுத்து, செயலியின் வேகத்தை நாமே கூட்டிக்கொள்ளலாம் என்பதைக் குறிக்கிறது. அதற்கு இடம் தரும் சிப்செட், பெரும்பாலும் இசட் வரிசை, உங்களிடம் இல்லையென்றால் வேண்டாம்.

பயன்படுத்திய செயலியை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

செயலியின் உலோக மூடியில் பொறித்திருக்கும் எழுத்துகளை முதலில் படியுங்கள். மாடல் எண் இருக்க வேண்டிய இடத்தில் 'கான்ஃபிடென்ஷியல்' என்றோ வெறும் சோதனைக் குறியீடோ இருந்தால் அது விற்பனைக்கு வராத மாதிரிச் செயலி. பல பயாஸ்கள் அதை ஏற்காது. எல்ஜிஏ வகையில் அடிப்பக்கத்தின் தங்க நிறப் புள்ளிகளில் கீறலோ கருகலோ இருக்கிறதா என்று பாருங்கள். ஏஎம்4 வகையில் ஊசிகள் செயலியிலேயே இருப்பதால், அதைக் கண் மட்டத்தில் கிடையாகப் பிடித்து, வரிசை வரிசையாக ஊசிகளின் ஊடே வெளிச்சம் நேராகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். வளைந்த ஊசி இருக்கும் வரிசையில் வெளிச்சம் மறையும்.

இன்டெல்லின் சர்வர் வகையான ஜியான் செயலிகள் மலிவாகக் கிடைப்பதைப் பார்த்து ஆசைப்படுபவர்களுக்கு ஒரு சொல்: எல்ஜிஏ 1155 போர்டுகள் பலவற்றில் ஈ3-1200 வரிசை ஓடியது, எல்ஜிஏ 1151க்கு வந்த ஈ3 வி5 சாதாரணப் போர்டுகளில் ஓடாது, சர்வர் வகைச் சிப்செட் வேண்டும்.

மாற்றும்போது கையாளும் முறை என்ன?

மின்வயரைப் பிடுங்கிவிட்டு, தொடக்கப் பொத்தானை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். ஏஎம்4 வகையில் செயலிக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே வெப்பம் கடத்தத் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பசைபோலப் பிடித்திருக்கும். ஹீட் சிங்கை நேராக இழுத்தால் பூட்டிய சாக்கெட்டிலிருந்து செயலியும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்து ஊசிகள் வளையும். அதனால் மின்வயரைப் பிடுங்குவதற்கு முன்பே கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடேற்றி நிறுத்திவிட்டு, ஹீட் சிங்கை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, பிடி தளர்ந்தபின் தூக்க வேண்டும்.

எல்ஜிஏ வகையில் ஊசிகள் போர்டில் இருக்கின்றன. செயலியை இரு ஓரங்களில் பிடித்து, மூலையில் உள்ள முக்கோணக் குறி சாக்கெட்டின் குறியோடு சேரும்படி நேர்கீழாக இறக்குங்கள். தேய்க்கவோ அழுத்தவோ கூடாது. தன் எடையிலேயே அது அமர்ந்துவிடும். நெம்புகோலை இறக்கும்போது மட்டும் சற்று விசை தேவைப்படும். லேசாக உராயும் ஓசை கேட்பதும் இயல்புதான். பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, நடுவில் பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வைத்தால் போதும்.

போட்டுவிட்டேன், திரை வரவில்லை. அடுத்து என்ன?

முதலில் சாக்கெட் அருகிலுள்ள 12 வோல்ட் வயர் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதை மறப்பது மிகச் சாதாரணம். பிறகு சிஆர்2032 பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்து மாட்டிப் பயாஸ் அமைப்புகளை அழித்துவிட்டு, ஒரே ஒரு ரேமை மட்டும் வைத்து முயலுங்கள். முதல் முறை கணினி தானாக இரண்டு, மூன்று தடவை நின்று எழுவது உண்டு. அவசரப்பட்டு நிறுத்திவிடாமல் ஓரிரு நிமிடம் பொறுத்திருங்கள். அப்போதும் வரவில்லையென்றால் பழைய செயலியைத் திரும்பப் பொருத்திப் பாருங்கள். அது ஓடினால் சிக்கல் பயாஸிலோ புதிய செயலியிலோ இருக்கிறது. அதுவும் ஓடவில்லையென்றால் சாக்கெட் ஊசிகளை விளக்கடியில் பாருங்கள்.

செயலியை மாற்றினால் விண்டோஸ் 11 போடலாமா?

உங்கள் போர்டைப் பொறுத்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பது டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறையும், பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது ரைசன் 2000 வரிசை முதலான செயலியையும். ஏஎம்4 போர்டில் முதல் ரைசன் வைத்திருப்பவர் 5600க்கு மாறினால் அந்தத் தடை நீங்கிவிடும். 100, 200 வரிசை இன்டெல் போர்டு ஏழாம் தலைமுறையோடு நின்றுவிடுவதால், அங்கே செயலி மாற்றம் இதற்கு உதவாது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால், இந்தக் காரணத்துக்காகவே மாற்ற நினைப்பவர்கள் செலவிடும் முன் இதைச் சரிபார்க்க வேண்டும்.

விண்டோஸின் பிட்லாக்கர் வசதியால் வட்டைக் குறியாக்கம் செய்திருந்தால் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, குறியாக்கத்தைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு மாற்றுங்கள். ஏஎம்டி போர்டுகளில் டிபிஎம் செயலிக்குள்ளேயே இயங்குவதால், புதிய செயலியோடு முதல்முறை எழும்போது அதை அழித்துப் புதிதாக்கலாமா என்று திரையில் கேட்கும். சாவி கையில் இல்லாமல் ஆம் என்று அழுத்தினால், வட்டில் உள்ள கோப்புகளைத் திறக்கவே முடியாமல் போகலாம்.

இத்தனைக்குப் பிறகும் மாற்றுவது பயன் தருமா?

இரண்டு கோர்கள் கொண்ட ஐ3-2100இலிருந்து, நான்கு கோர்களும் எட்டு த்ரெட்களும் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகளும்) கொண்ட ஐ7-3770க்குப் போனால் காணொளித் தொகுப்பு, நிரல் தொகுத்தல் போன்றவற்றில் வேறுபாடு தெளிவாகத் தெரியும். அதே தலைமுறையில் 3.1 கிகாஹெர்ட்ஸிலிருந்து 3.4க்குப் போவதில் ஒன்றும் தெரியாது. கணினி இன்னும் சுழலும் ஹார்டு டிஸ்கில் ஓடுகிறதென்றால், முதல் செலவு எஸ்எஸ்டிக்குப் போகட்டும் என்பதே என் உறுதியான கருத்து. செயலி மெதுவாக இருக்கிறது என்று வந்த கணினிகள் பலவற்றில் மெதுவாக இருந்தது வட்டுதான்.

கழற்றிய பழைய செயலியை என்ன செய்வது?

உடனே விற்றுவிடாதீர்கள். புதியது சில வாரங்கள் சுமையோடு ஓடிக் காட்டும்வரை, அது வந்த பிளாஸ்டிக் கூட்டிலோ, கூடு இல்லையென்றால் நிலைமின் தடுப்பு உறையிலோ வைத்து, எந்தப் போர்டில் இருந்தது, கழற்றும்போது பயாஸ் பதிப்பு எது என்று ஒரு சீட்டில் எழுதி உடன் வையுங்கள். பயாஸைப் பழைய பதிப்புக்குக் கொண்டுபோக நேர்ந்தால், அந்தப் போர்டை எழுப்புவதற்கு உங்களிடம் இருக்கும் செயலி அது ஒன்றுதான்.